உழவன் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது தமிழ்ச் சிற்றூர்களில் வழிவழியாக வழங்கிவரும் பழமொழி. உழவின் பெருமையை உரைக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தளித்தார். அந்தப் பெருமையைச் சான்றோர் பேசினர். உழக்கும் மிஞ்சாத நிலையை உழவன் பேசினான். இரண்டும் ஒரே தொழிலைப் பற்றியவை என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

இப்பழமொழிக்குக் 'கணக்குப் பாராமல் உழைத்துக்கொண்டே இரு' என்று பொருள் கூறுவாரும் உளர். அப்பொருள் உழவனுக்கு நன்மை செய்வதன்று. கணக்குப் பாராதவன் தன் உழக்கு எங்கே போயிற்று என்பதையும் அறியமாட்டான். வட்டிக்குப் போயிற்றா, குத்தகைக்குப் போயிற்றா, தரகனின் தராசில் மறைந்ததா, வெள்ளத்தில் அழிந்ததா என்று வினவும்போதுதான் குறை எங்கே உள்ளது என்பது விளங்கும். உதவ முன்வருவோர்க்கும் அப்போதுதான் வழி புலப்படும்.

சிறு உழவர்க்கு உதவுவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விளைச்சலையே அளக்கின்றனர். ஓர் ஏக்கரில் எத்தனை மூட்டை விளைந்தது, சென்ற ஆண்டினும் எத்தனை மூட்டை கூடிற்று என்பதோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் களத்தில் குவிந்த நெல் வேறு. குடும்பத்தின் கையில் தங்கிய நெல் வேறு. இவ்விரண்டையும் ஒருங்கே காண விழைவோர்க்குக் கெடா மாநிலத்து மூடா சமவெளியைப் போன்ற பாடநூல் பிறிதொன்று கிடைத்தல் அரிது.

தமிழர் நாவில் கடாரம் என்று வழங்கிய கெடாவின் மேற்குக் கரையில், பெர்லிஸ் மாநிலத்தின் தென்பகுதியையும் தழுவிப் பரந்து கிடப்பது மூடா சமவெளி. ஏறத்தாழ 96,000 எக்டர் நெல்வயல் அங்கு உள்ளது. மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று அதனை அழைப்பது மிகையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெடாவின் முதலமைச்சராக விளங்கிய வான் முகமது சமான், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் நோக்கி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்திற்குக் கால்வாய் ஒன்றை வெட்டச் செய்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் அக்கால்வாய், சதுப்பு நிலத்தின் நீரை வடித்து வயலாக்க வழிவகுத்தது. இவ்வாறு உருவான வயல்களில் மலாய்க் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்து வந்தனர்.

ஆயினும் வானத்தை நம்பிய வேளாண்மை அது. மழைக்காலத்தில் ஒரு போகம். எஞ்சிய மாதங்களில் வயல் வெடித்துக் கிடக்கும். ஒரு போக வருவாயைக் கொண்டு பன்னிரண்டு மாதங்களைக் கடத்த வேண்டிய குடும்பத்தில், அறுவடைக்கு முன்னரே அரிசிப் பானை வற்றிவிடும். அவ்வேளையில் கடைக்காரரிடமோ நிலவுடைமையாளரிடமோ முன்பணம் பெறுவதன்றி வேறு வழி இருந்ததில்லை. இதற்குப் 'பாடி குஞ்சா' என்று பெயர். குஞ்சா என்பது 160 கந்தாங் கொண்ட ஒரு நெல்லளவு. பசித்த மாதத்தில் ஒரு குஞ்சா நெல்லுக்குக் குறைந்த விலையைப் பேசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அறுவடை நாளில் களத்து நெல்லை அளந்துகொண்டு போவார் கடன் கொடுத்தவர். வட்டி என்ற சொல் அங்கு ஒலிப்பதில்லை. பேசிய விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாடே வட்டியாக மறைந்து நிற்கும். கதிர் முற்றுவதற்கு முன்பே அது பிறர் உடைமையாகிவிட்டது. இந்நிலையில் 'இன்னும் நன்றாக உழை' என்று அவ்வுழவனிடம் கூறுவதால் யாது பயன்? நாட்டுப்புற வறுமைக்குக் குடியானவனின் சோம்பல் காரணமன்று, அவன் உழைப்பின் பயனைப் பிறர் உறிஞ்சும் வணிக முறையே காரணம் என்று பொருளியலறிஞர் உங்கு அசிஸ் பல்லாண்டுகள் வலியுறுத்தி வந்தது இதனால்தான்.

மாற்றம் இரு வழிகளில் வந்தது. ஒன்று விதை, மற்றொன்று நீர்.

விதையின் வரலாறு தமிழ் மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசிய நாடுகளை உணவுப் பஞ்சம் அச்சுறுத்தியபோது, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் ஒரு கலப்பினத் திட்டத்தைத் தொடங்கியது. உரத்தை ஏற்று மிகுதியாக விளையும் கிழக்காசிய நெல்லையும், வெப்ப மண்டலத்தின் நோய்களையும் வெள்ளத்தையும் தாங்கிப் பழகிய தென்னாசிய, தென்கிழக்காசிய நெல்லையும் இணைப்பதே அதன் நோக்கம். இந்தியாவின் ஒரிசா மாநிலத்துக் கட்டாக் நகரில் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அக்கலப்புப் பணி நடைபெற்றது. பல நாட்டு நெல் வகைகளைக் கொண்டு பல்லாண்டுகள் உழைத்தும், உழவர் வயலை எட்டிய வகைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. அவற்றுள் ஒன்று தஞ்சை மாவட்டத்தில் 1960களின் நடுவில் பரவிய ஆடுதுறை 27. வேறு இரண்டு, மலாயாவுக்கு வந்து சேர்ந்த மாலிஞ்சாவும் மாசூரியும்.

கட்டாக்கிலிருந்து வந்த கலப்பு விதைகளைப் புரோவின்ஸ் வெல்லெஸ்லியில் உள்ள பும்போங் லீமா ஆய்வு நிலையத்தில் விதைத்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த ஜப்பானிய வல்லுநர்கள் இப்பணியில் துணை நின்றனர். 1964ஆம் ஆண்டு வெளிவந்த வகைக்கு மலாயா, இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து மாலிஞ்சா என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்தது மாசூரி. மலாயாவின் மாயாங் ஏபோஸ் 80 என்னும் நெல்லும், தைவானின் தைச்சுங் 65 என்னும் நெல்லும் அதன் பெற்றோர். லங்காவித் தீவின் பழங்கதையில், செய்யாத குற்றத்திற்காகக் கொல்லப்பட்ட பெண் மாசூரி. அவள் இறந்தபின் படையெடுப்பு நேர்ந்து, தீவின் நெல்லெல்லாம் தீயில் எரிந்தது என்பது அக்கதை. நெல் எரிந்த கதையின் நாயகி பெயரை நெல் கொழிக்கும் வகைக்குச் சூட்டியது பொருத்தமே.

பழைய நெல் வகைகள் பல, பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும் இயல்புடையவை. எப்பொழுது விதைத்தாலும் குறித்த பருவத்திலன்றி அவை கதிர் விடா. புதிய வகைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வறண்ட பருவத்திலும் நீர் மட்டும் கிடைத்தால் அவை விளையும். ஆகவே விதை ஆயத்தமாக நின்றது, நீர்தான் வரவேண்டியிருந்தது.

உலக வங்கியின் கடனுதவியுடன் மூடா ஆற்றிலும் பெடு ஆற்றிலும் அணைகள் எழுந்தன. மூடா அணைக்கு நீர் வரத்து மிகுதி, தேக்கும் இடமோ சிறிது. பெடு நீர்த்தேக்கமோ கொள்ளளவில் பெரிது. ஆதலால் மலையைக் குடைந்து சுரங்கம் ஒன்று அமைத்து, மூடாவின் நீரைப் பெடுவில் சேர்த்தனர். 1970ஆம் ஆண்டில் இரண்டாம் போகத்திற்கு நீர் பாயத் தொடங்கியது. அதே ஆண்டில் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியமும் நிறுவப்பெற்றது. சில ஆண்டுகளுக்குள் சமவெளியின் பெரும்பகுதி இருபோக நிலமாயிற்று. முன்பு வெடித்துக் கிடந்த வயல்களில் வெயிற்காலத்திலும் பசுமை படர்ந்தது.

நீரும் விதையும் வந்ததோடு பணி முடியவில்லை என்பதை அன்றைய பொறுப்பாளர்களும் உணர்ந்திருந்தனர். 1969இல் வேளாண்மை வங்கி தோன்றியது. 1971இல் தேசிய நெல் அரிசி வாரியம் அமைந்து, உறுதி செய்த விலையில் நெல்லை வாங்கும் பொறுப்பை ஏற்றது. சமவெளி 27 வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் உழவர் சங்கம் நிறுவப்பெற்றது. கடன், உரம், உழவு இயந்திரம், அறிவுரை ஆகியவை அச்சங்கத்தின் வாயிலாகவே உழவரைச் சென்றடைய வேண்டும் என்பது ஏற்பாடு. பாடி குஞ்சாவின் பிடி தளர்ந்தது. பசித்த மாதங்கள் என்று தனியே எண்ணும் வழக்கம் பல இல்லங்களில் மறைந்தது. மரச்சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் எழுந்தன. சைக்கிள் நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பிள்ளைகள் கூடுதலான ஆண்டுகள் பள்ளியில் பயின்றனர். இவை சிறிய நன்மைகள் அல்ல. இவற்றைக் குறைத்துப் பேசுவது, ஒரு போகத்தில் உயிர் வாழ்ந்தவர்களின் பசியை மறப்பதாகும்.

எனினும் கணக்கேட்டில் வரவுப் பக்கம் மட்டும் இருப்பதில்லை. ஆறு ரெலோங் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் ஓர் உழவரை எண்ணிப் பார்க்கலாம். ஒரு ரெலோங் என்பது முக்கால் ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. வரவுப் பக்கத்தில் இரண்டு வரிகள் உள்ளன: முதற்போகம், இரண்டாம் போகம். செலவுப் பக்கமோ நீள்கிறது. குத்தகை, உழவு இயந்திர வாடகை, விதை, உரம், பூச்சிமருந்து, நடவுக் கூலி, அறுப்புக் கூலி, மூட்டைகளைச் சாலைக்குச் சுமக்கும் கூலி, இறுதியில் ஆலையில் ஈரத்திற்கும் பதருக்கும் கழிக்கப்படும் எடை. முன்பு சாணமும் சொந்த எருமையும் அண்டை வீட்டார் உழைப்பும் செய்த வேலையை இப்பொழுது பணம் செய்கிறது. பணம் செய்யும் வேலைக்குப் பணமே வேண்டும்.

இவற்றுள் குத்தகையின் மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முற்காலத்தில் அறுவடைக்குப் பின் நெல்லாகக் குத்தகை அளந்தனர். பயிர் பொய்த்தால் நிலவுடைமையாளர் ஓரளவு விட்டுக்கொடுப்பதும் உண்டு. இருபோகம் வந்தபின் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. குத்தகையை நடவுக்கு முன்னரே ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்னும் வழக்கம் பரவியது. முன்பணம் வைத்திருப்பவருக்கு நிலம் கிடைத்தது, இல்லாதவர் பின்தங்கினார். குத்தகையை வரையறுக்கவும் குத்தகையாளரைப் பாதுகாக்கவும் 1967இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், சிற்றூரில் உறவினர்க்கும் அண்டையார்க்கும் இடையே வாய்மொழியாக நடந்த ஏற்பாடுகளில் அச்சட்டத்தின் கை நீளவில்லை.

அடுத்தது அறுவடை. 1975ஆம் ஆண்டில் மூடாவின் நெல்லை ஏறத்தாழ முழுமையும் மனிதக் கைகளே அறுத்தன. 1980ஆம் ஆண்டிலோ, ஒவ்வொன்றும் இரண்டு இலட்சம் வெள்ளியை எட்டும் விலையுடைய பெரிய அறுவடை இயந்திரங்கள் விளைச்சலில் எண்பது விழுக்காட்டை அறுக்கலாயின. பத்து ஏக்கர் வைத்திருந்தவருக்கு இயந்திரம் வரமாயிற்று. வேலை விரைந்து முடிந்தது, ஆள் தேடும் தொல்லை தீர்ந்தது. நிலமற்றவர்க்கும், சிறு நிலத்தோடு கூலி வேலையும் சேர்த்துப் பிழைத்தவர்க்கும், அறுப்பும் கதிரடிப்பும் ஆண்டின் பெருவருவாய். அது ஐந்தே ஆண்டுகளில் கரைந்தது. 1980களில் நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும் முறை பரவியபோது, குழுவாகச் சென்று நடவு செய்த பெண்களின் கூலியும் குறைந்தது. அறுவடைக்குப் பின் வயலில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கி வாழ்ந்த ஏழைப் பெண்களின் வருவாயோ எந்தக் கணக்கேட்டிலும் முன்னரும் இடம்பெற்றதில்லை; மறைந்தபோதும் எவரும் எழுதி வைக்கவில்லை. வயல்நீரில் துள்ளிய செப்பாட் மீனும் கெளிறும் அத்தகையனவே. பூச்சிமருந்து பெருகியபின் அவை அருகின. முன்பு வயலில் கிடைத்த கறியைப் பின்னர்க் கடையில் வாங்க வேண்டியதாயிற்று.

இம்மாற்றங்களை மேலோட்டமாகப் பாராமல் நுணுகி அளந்தோர் சிலர் உளர். மூடா வாரியத்தில் பணியாற்றிய எஸ். ஜெகதீசன், நெல் உழவரின் வருமானம் எவ்வளவு உயர்ந்தது, அது யார் யாருக்கு எவ்வாறு பங்காயிற்று என்பதை ஆராய்ந்தார். அவ்வாய்வை வாரியமே 1977இல் வெளியிட்டது. விளைச்சலை மட்டும் கூறிப் பெருமை கொள்ளாமல், பங்கீட்டையும் அளக்க முற்பட்ட அந்நேர்மை போற்றத்தக்கது. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை மூடாவின் சிற்றூர் ஒன்றில் தங்கி, அவ்வூரின் உண்மைப் பெயரை மறைத்துச் 'செடாக்கா' என்று பெயரிட்டு, 1985இல் ஒரு நூல் எழுதினார். உழவர் சங்கத்தின் கடனும் உதவியும் ஓரளவு வசதி படைத்தோரையே பெரிதும் சென்றடைந்தன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சங்கம் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. சங்கத்தின் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, படியேற இயலாதவருக்குப் படியையும் தாழ்த்த வேண்டும் என்பதே பொருள்.

இடர்களும் வந்தன. 1978ஆம் ஆண்டு வறட்சியால் அணைநீர் வற்றி, வெயிற்காலப் போகமே கைவிடப்பட்டது. நெல் விலை பல ஆண்டுகள் அசையாமல் நிற்க, உரமும் கூலியும் ஏறிக்கொண்டே போயின. 1979 முதல் சிறு உழவர்க்கு உரம் இலவசமாக வழங்கப்பட்டது. 1980 சனவரியில் நெல்லுக்குரிய கூடுதல் தொகையைக் கையில் ரொக்கமாகத் தராமல் சேமிப்புக் கூப்பனாகத் தரும் ஏற்பாட்டை எதிர்த்து, உழவர்கள் அலோர் ஸ்டாரில் பெருந்திரளாகக் கூடினர். சேமிப்பு நல்லதென்று அவர்களுக்குத் தெரியாதா? நன்கு தெரியும். ஆயினும் நாளைய சேமிப்பைக் காட்டிலும் இன்றைய கடன் அவசரமானது என்பதை அலுவலகத்தில் இருந்தோரினும் வயலில் இருந்தோர் நன்கறிந்திருந்தனர். அவர்கள் தம் கணக்கைத் தாமே பார்க்கத் தொடங்கிவிட்டனர் என்பதற்கு அந்நாள் சான்று.

உழவரின் அறிவைக் குறைத்து மதிப்பிடலாகாது என்பதை மாசூரி நெல்லே இன்னொரு வகையில் மெய்ப்பித்தது. அது 1960களின் இறுதியில் இந்தியாவுக்குத் திரும்பிச் சென்றது. உயரமான தாள் சாய்ந்துவிடுகிறது என்று கூறி ஆந்திர மாநிலத்தில் ஆய்வு நிலையத்தார் அதனை ஒதுக்கினர். அங்கு வேலை செய்த பண்ணைத் தொழிலாளி ஒருவர் அவ்விதையில் சிறிது எடுத்துச் சென்று தம் வயலில் விதைத்தார் என்று வேளாண் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உரம் குறைவாக இட்டாலும் நன்கு விளைகிறது, சோறு சுவையாக இருக்கிறது, வைக்கோலும் மிகுதி என்பதை ஏழை உழவர் கண்டனர். விளம்பரமின்றி, ஆணையின்றி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு அவ்விதை பரவி, இந்தியாவில் மிகுதியாகப் பயிரிடப்பட்ட நெல் வகைகளுள் ஒன்றாயிற்று. ஆய்வாளர் எடையை அளந்தனர். உழவரோ எடையோடு உரச்செலவையும் மாட்டுத் தீவனத்தையும் சேர்த்து அளந்தனர்.

1986ஆம் ஆண்டு ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து வெளிவந்த சம்பா மாசூரிக்கு மாசூரியே ஒரு பெற்றோர். அதே ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியும் மாசூரியின் வழிவந்ததே. காவிரியின் பெயரைத் தாங்கிய அந்த அரிசி, பும்போங் லீமா வயலில் தெரிந்தெடுத்த நெல்லின் குடிவழி என்பதை எத்தனை பேர் அறிவர்? மலேசியாவில் கடைக்குச் சென்று பொன்னி அரிசி வாங்கும் தமிழ்க் குடும்பம், வெளிநாட்டு அரிசியை வாங்குவதாகவே எண்ணுகிறது. உண்மையில் கடல் கடந்து சென்ற மலாயா நெல், தமிழ்ப் பெயர் பூண்டு திரும்பி வந்துள்ளது. காவிரிப் படுகையிலிருந்து புறப்பட்டு வந்து இந்நாட்டின் தோட்டங்களில் உழைத்தோரின் வழித்தோன்றல்களுக்கு இச்செய்தி தனி உவகை அளிக்கும். மலாய்க் குடியானவரும் தமிழ் உழவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் ஒரே நெல்லின் உறவினர் ஆயினர்.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் தெளிவானது. நல்ல விதையும் தடையற்ற நீரும் இன்றி விளைச்சல் உயராது. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் உயர்ந்த விளைச்சல் உழவர் இல்லத்தில் தங்குவதற்கு வேறு சில வேண்டும். உழுபவருக்கு நிலத்தின்மீது நிலைத்த உரிமை வேண்டும். பசித்த மாதத்தில் கதிரை அடகு வைக்காமலிருக்க நேரிய கடன் வேண்டும். அளவையிலும் கழிவிலும் ஏமாற்றில்லாத சந்தை வேண்டும். இயந்திரம் வரும்போது கை வேலையை இழப்போர்க்கு மாற்று வேலை வேண்டும். இவற்றைத் தனியொருவராகப் பெற இயலாத சிறு உழவர், சங்கமாக இணைந்து பெற வேண்டும். அச்சங்கத்தில் மிகச் சிறியவரின் குரலும் ஒலிக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், வாய்க்காலில் பாய்ந்த நீர் உடைப்பின் வழியே ஓடிவிடுவதைப் போல, விளைந்த பயன் வேறெங்கோ சென்று சேர்ந்துவிடும்.

தமிழ்ப் பள்ளி மாணவருள் நெல்வயலைக் கண்ணால் காணாதோர் பலர். அவர்களுக்கு உழவின் பெருமையை மட்டும் மனப்பாடம் செய்வித்தல் போதாது. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒருபுறம் வரவும் மறுபுறம் செலவும் எழுதி, ஆறு ரெலோங் உழவரின் ஓராண்டுக் கணக்கை அவர்களே போட்டுப் பார்க்குமாறு செய்யலாம். விலை ஐந்து காசு குறைந்தால் என்ன ஆகும், ஒரு போகம் பொய்த்தால் என்ன ஆகும், குத்தகையை முன்னரே கட்ட வேண்டுமாயின் பணத்திற்கு எங்குச் செல்வது என்று அவர்கள் வினவட்டும். கணிதமும் குடிமையியலும் தமிழும் அந்த ஒரு தாளில் ஒன்றுசேரும். அவ்வாறு பயின்ற மாணவர் பின்னாளில் வங்கியில் அமர்ந்தாலும், ஆய்வு நிலையத்தில் பணியாற்றினாலும், அமைச்சகத்தில் கோப்புகளைப் பார்த்தாலும், விளைச்சல் எண்ணைக் கண்டவுடன் மனநிறைவு கொள்ளமாட்டார். 'வீட்டில் எவ்வளவு மிஞ்சியது?' என்று அடுத்த வினாவையும் கேட்பார். அவ்வினாவைக் கேட்போர் பெருகும் நாட்டில், உழுதவன் கணக்குப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை.